உள்ளே விட்ட துணி

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க கே.கே. நகர் வீட்டுக்கு வந்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான், அதனால் சொல்லவில்லை. அவனோடு படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். இருபத்தெட்டு வருடமாக ஸ்காட்லாந்தில் இருக்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டவன். கதவைத் திறந்ததும் எனக்குத் திக்கென்றது. ஆள் பாதியாக இருந்தான்.

"என்னடா, சுகரா?" என்று கேட்டுவிட்டேன். நம் ஊரில் இளைத்தவனைப் பார்த்தால் முதலில் வருகிற கேள்வி அதுதானே.

"சுகர் இல்ல டீச்சர். நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. டாக்டர் சொன்னாருன்னு நடந்து நடந்து பத்தொன்பது கிலோ குறைச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். ஆனா பாக்குறவங்க எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரியே விசாரிக்கிறாங்க" என்றான்.

பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு கம்பளித் துணியை எடுத்து மேசை மேல் விரித்தான். பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம், நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. முன்பக்கம் தட்டையாக, பின்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாக. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷத்துக்கு உடுத்தும் கில்ட். படத்தில் பார்த்திருப்பீர்கள், பேக்பைப் ஊதுகிறவர்கள் முழங்கால் அளவுக்குப் பாவாடை மாதிரி உடுத்தியிருப்பார்களே, அதுதான்.

அவனுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு மாமனார் அளவு கொடுத்துத் தைத்துக் கொடுத்தது. அந்த மாமனார் போன வருடம் காலமாகிவிட்டார். அடக்கத்துக்கு அந்த ஊர் வழக்கப்படி ஆண்கள் கில்ட் உடுத்தி வந்திருக்கிறார்கள். இவனும் உடுத்தியிருக்கிறான், இடுப்பில் நிற்காமல் உள்பக்கம் நாலு பின்னூசி குத்திக்கொண்டு. பெட்டியைத் தோளில் தூக்கியபோது ஒரு ஊசி திறந்து தொடையில் ஏறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தானாம். திரும்பி வரும்போது மனைவியின் சித்தப்பா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு உடம்புக்கு ஏதாவது பெரிதாக இருக்கிறதா?" என்று கேட்டாராம்.

"வர்ற ஜூலைல மக கல்யாணம் டீச்சர். இதைக் கட்டிக்கிட்டுத்தான் அவளைக் கூட்டிட்டுப் போகணும். அங்க ஒரு கடையில கேட்டேன், பிரிச்சுத் தைக்கிற கூலிக்குக் கொஞ்சம் சேத்துப் போட்டா புதுசே வாங்கிடலாம்ங்குறாங்க. புதுசு வேண்டாம் டீச்சர். இது அவர் குடுத்தது. நம்ம ஊருல யாராவது தைப்பாங்களா?"

ஒரு நாள் பொறு என்று சொல்லி, துணியை வாங்கி வைத்துக்கொண்டேன். தையற்காரரிடம் கொண்டு போவதற்கு முன் அது எப்படி வந்த உடை என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. வகுப்பில் பாடம் எடுத்த புத்தி இன்னும் போகவில்லை. தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கில்ட் முதலில் தைத்த உடையே இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் உடுத்தியது ஒரே நீளத் துணி. தறியில் அகலம் குறைவாகத்தான் நெய்ய முடியும் என்பதால் இரண்டு அகலத்தை ஒட்டித் தைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் தையல். அதைத் தரையில் விரித்து, நடுப்பகுதியைக் கொசுவம் கொசுவமாக மடித்து, அடியில் ஒரு வாரைப் போட்டு, அதன் மேல் படுத்துக்கொண்டு இரண்டு ஓரத்தையும் முன்பக்கம் இழுத்து வாரைக் கட்டினால் உடை தயார். எழுந்து நின்றபின் மேலே தொங்கும் மிச்சத் துணி தோளுக்கு. மழை வந்தால் தலைக்கு. ராத்திரி அதுவே போர்வை. வயிறு பெருத்தால் வாரைத் தளர்த்துவார்கள், பஞ்சத்தில் இளைத்தால் இறுக்குவார்கள். தையற்காரனுக்கு அங்கே வேலையே கிடையாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்பாதியை விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே உள்ள பாதியை மட்டும் உடுத்தும் வழக்கம் வந்தது. வேலை செய்ய அதுதான் வசதி. இதை முதலில் செய்தவர் தாமஸ் ராலின்சன் என்னும் இரும்பாலை முதலாளி என்று ஒரு கதை உண்டு. அவர் ஆங்கிலேயர் என்பதால் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் அந்தக் கதையை ஒப்புக்கொள்வதில்லை.

அப்புறம்தான் வம்பு. 1746 ஏப்ரலில் கல்லோடன் என்னும் இடத்தில் மலைநாட்டுக் கலகப் படை பிரிட்டிஷ் அரசின் படையிடம் தோற்றது. அதே வருடம் ஒரு சட்டம் போட்டார்கள். ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் எந்தப் பையனும் மலைநாட்டு உடை உடுத்தக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் கடல் கடந்த நாடுகடத்தல். இடுப்பில் சுற்றிய துணிக்கு இந்தத் தண்டனை.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. ராஜாவின் ராணுவத்தில் சேர்ந்தவன் மட்டும் உடுத்தலாம். ஊரில் உடுத்தினால் குற்றம், பட்டாளத்தில் உடுத்தினால் சீருடை. அப்படிச் சேர்க்கப்பட்ட மலைநாட்டுப் படைகளில் ஒன்று நம் பக்கம் வந்தது. 73ஆம் மலைநாட்டுப் படை 1780 ஜனவரியில் மெட்ராஸில் இறங்கியது. அதே வருடம் செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். அந்தக் களத்தில் இந்தப் படையின் இரண்டு பிரிவுகள் சிக்கின. பிடிபட்ட டேவிட் பேர்டு என்னும் கேப்டன் மூன்று வருடத்துக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தார். 1799இல் அதே கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். பாடம் நடத்தியபோது இதைச் சொல்லியிருக்கிறேன், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பொள்ளிலூர்ச் சண்டை நடந்த வருடத்தில் அந்தச் சிப்பாய்களின் சொந்த ஊரில் தடைச் சட்டம் இன்னும் அமலில்தான் இருந்தது. 1782இல்தான் நீக்கினார்கள்.

முப்பத்தைந்து வருடத் தடையில் அந்த உடை அன்றாடப் புழக்கத்தை விட்டே போய்விட்டது. திரும்பி வந்தபோது விசேஷத்துக்கான உடையாக வந்தது. 1790களில் மடிப்புகளை நிரந்தரமாகத் தைக்கத் தொடங்கினார்கள். தினமும் தரையில் விரித்துக் கொசுவம் வைக்கத் தேவையில்லாமல், எடுத்தோம் மாட்டினோம் என்றானது. அன்றிலிருந்து அதற்கு ஓர் அளவும் வந்துவிட்டது. அளவு என்று வந்தாலே அது ஒரு நாள் பொருந்தாமல் போகும், இல்லையா?

அப்படிப் பொருந்தாமல் போனவர்களில் ஒரு ராஜாவும் உண்டு. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடு முழுக்க நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். ராஜாவுக்கு மலைநாட்டு உடையும் நகையும் ஆயுதமும் சேர்த்து 1,354 பவுண்டுக்குத் தயாரானது. ராஜா நல்ல பருமன். கில்ட் முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது, உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் காலுறை போட்டுக்கொண்டார், ஊரே சிரித்தது. பிறகு படம் வரைந்த டேவிட் வில்க்கி ராஜாவை ஒல்லியாக்கி, கில்ட்டைக் கொஞ்சம் இறக்கி வரைந்து கொடுத்தார். இந்த நாளில் போட்டோவைத் திருத்தி ஸ்டேட்டஸ் வைக்கிறார்களே, அந்த வேலைதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அந்தக் கில்ட்டை மேசையில் விரித்தபோது எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. அப்பத்தா கட்டியது பின்கொசுவம். கொசுவத்தை முன்னால் சொருகாமல் பின்னால் வைத்து, விசிறி மாதிரி விரியவிட்டுக் கட்டுவார்கள். வயலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தாலும் தடுக்காது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். அதிலும் கட்டம் உண்டு, அழுத்தமான நிறம் உண்டு. முன்னால் தட்டை, பின்னால் கொசுவம், உடம்பெல்லாம் கட்டம். கில்ட்டும் அதே கணக்குத்தான். ஒரு நல்ல கில்ட்டுக்கு எட்டுக் கஜம் துணி போகும் என்கிறார்கள். நம் மடிசாருக்கு ஒன்பது கஜம். ஒரு கஜத்தில் தோற்றுவிட்டார்கள்.

சேலை, வேட்டி, துண்டு எதற்கும் அளவு எடுப்பதில்லை. மூட்டின கைலிக்குக்கூட ஒரே ஒரு தையல்தான், இடுப்பில் மடித்துச் சொருகிக்கொள்வது நம் கையில். அப்பாவின் வேட்டி மகனுக்கு ஆகும். பிரசவத்துக்கு முன்னாலும் பின்னாலும் அதே சேலை ஆகும்.

இதில் மதுரைக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்தக் கோலத்தில் அவர் கூட்டத்தின் முன் நின்ற இடம் காமராசர் சாலையில் இன்றும் காந்திப் பொட்டல்தான். அக்டோபர் கடைசி வரைக்கும் என்றுதான் முதலில் சொன்னார், ஆயுளுக்கும் அப்படியே இருந்துவிட்டார். 1931 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜைப் பார்க்கப் போனபோதும் அதே வேட்டிதான். கில்ட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு செலவழித்த ராஜாவின் வம்சத்தில் வந்தவர் அவர்.

அந்த மாற்றத்துக்கான காரணம் ஏழைகளின் உடை, கதர், அந்நியத் துணி பகிஷ்கரிப்பு. அது நம் எல்லோருக்கும் தெரியும். நான் இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். 1924, 1933, 1943 என்று மூன்று தடவை இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் இருந்தவர் அவர். ஒவ்வொரு தடவையும் உடம்பு கரைந்திருக்கும், மறுபடி தேறியிருக்கும். ஒரு தடவைகூட உடையைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்காது. நம் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்தில், அவர் கடைசி நாளில் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. உங்களில் பலரை வரிசையாக அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். தைக்காத வெறும் துணி, அவ்வளவுதான்.

தைத்த உடை அப்படி மன்னிக்காது. பெண்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, "உள்ளே நல்லாத் துணி விட்டுத் தைங்க" என்று சொல்லாத பெண் மதுரையில் உண்டா? தீபாவளிக்குத் தைத்தது பங்குனியில் பிடிக்கும். பிரித்துவிட உள்ளே துணி இருந்தால் பிழைத்தோம்.

சின்ன வயதில் எங்கள் பாவாடையில் அம்மா டக் பிடித்துத் தைப்பார்கள். ஒன்றுக்கு மூன்று மடிப்பு. வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது. பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் இருப்பதால் சுற்றிலும் ஒரு பளிச்சென்ற கோடு தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீருடைப் பாவாடையில் கோட்டை எண்ணியே அந்தப் பிள்ளை அதை எத்தனை வருடமாகப் போடுகிறாள் என்று சொல்லிவிடுவேன். மூன்று கோடு தெரிந்தால் வீட்டு நிலைமையும் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையிடம் நோட்டுக்குக் காசு கேட்கமாட்டேன். அந்தக் கோடு போட்டவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள். எனக்கும் அந்தக் கோடு இருந்தது.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். மதுரையில் தையல் என்றால் நம் தலைமுறைக்குப் புது மண்டபம்தான். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். அந்தச் சிலைகளுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடையெல்லாம் அங்கேதான் தயாராகும். தைத்துக் கொடுப்பவர்களில் பலர் இஸ்லாமியர்கள். சில வருடங்களுக்கு முன் மண்டபத்திலிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். நாங்கள் போனதும் அங்கேதான்.

முதலில் கேட்ட இரண்டு பேர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "கம்பளியாச்சே டீச்சர், கெட்டுப்போனா நாங்க எங்க போறது?" நியாயம்தான். மூன்றாமவர் ஒரு பாய். பரதநாட்டிய உடை தைக்கிறவர். நாட்டிய உடையில் முன்பக்கம் விசிறி மடிப்பு வரும் இல்லையா, அதில் கை தேர்ந்தவர். ஆடுகிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு சுற்று வளர்வதால் பிரிப்பதும் பிடிப்பதும் அவருக்குத் தினப்படி வேலை.

அவருடைய மெஷின் அவர் அத்தா காலத்துச் சிங்கர். கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூ வேலை. இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கம்பெனியான சிங்கர் 1880களில் ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்னும் ஊரில் மிகப்பெரிய ஆலை கட்டியது. நம் நாட்டுக்கு வந்த பழைய சிங்கர் மெஷின்களில் ஏராளமானவை அந்த ஆலையில் செய்தவை. 1980இல் அதை மூடிவிட்டார்கள். நம் மாணவன் குடியிருக்கும் இடத்திலிருந்து அந்த ஊர் அரை மணி நேரப் பயணமாம்.

மெஷின் மட்டுமா? நூலும் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்று ஓர் ஊர். காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து நெய்து பிழைத்த ஊர். நம் மாங்காய் டிசைனுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே பெய்ஸ்லிதான். நெப்போலியன் காலத்தில் பட்டு நூல் வரத்து நின்றுபோனபோது, கிளார்க் குடும்பத்தார் பட்டு போல வழுவழுப்பான பருத்தித் தையல் நூலை உண்டாக்கினார்கள். அதே ஊரில் கோட்ஸ் குடும்பத்தார் 1826இல் நூல் ஆலை போட்டார்கள். இன்னொரு பக்கம், ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் அருவித் தண்ணீரின் விசையில் பஞ்சாலை ஓட்டினார்கள். 1889இல் மதுரா மில்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் ஹார்வி மில் என்று சொல்வார்களே, அதுதான். உங்கள் தாத்தாக்களில் எத்தனை பேர் அந்தச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடியவர்கள்! 1974இல் பெய்ஸ்லி கோட்ஸும் மதுரை மில்லும் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஜாக்கெட்டுக்கு மேட்சிங் நூல் வாங்கும்போது அந்தப் பெயரை எத்தனை தடவை பார்த்திருப்போம். ஸ்காட்லாந்துத் துணியை மதுரைக்குக் கொண்டு வந்துவிட்டோமே என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தான் பையன். "அவங்க ஊரு நூலும் மெஷினும் நூறு வருஷமா இங்கதான்டா இருக்கு" என்று சொன்னேன்.

பாய் முதலில் உள் லைனிங்கை ஓர் ஓரத்தில் மட்டும் பிரித்துப் பார்த்தார். பிறகு பையனை நிற்க வைத்து, தொப்புள் உயரத்தில் இடுப்பு, அதற்குக் கீழே சீட், அங்கிருந்து முழங்கால் நடு வரை நீளம் என்று அளவெடுத்தார். கில்ட் பேண்ட் நிற்கிற இடத்தில் நிற்காது, அதைவிட உயரமாக நிற்கும். இடுப்பு நாற்பதிலிருந்து முப்பத்துநாலு ஆகியிருந்தது. ஆறு இஞ்ச்.

"ரெண்டு இஞ்ச்னா வாரையும் பக்கிளையும் தள்ளி வச்சுக் குடுத்துருவேன் டீச்சர். ஆறு இஞ்ச்சுக்கு அது ஆகாது. இழுத்துக் கட்டுனா முன்பக்கத் தட்டை சுத்திக்கிட்டு முதுகுப் பக்கம் போயிரும், மடிப்பு விலாவுக்கு வந்துரும். முன்னாடி பாதி தட்டை, பின்னாடி பாதி மடிப்புன்னு இருந்தாத்தான் இதுக்கு அழகு."

அப்புறம் மடிப்பை எண்ணினார். இருபத்துநாலு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "கணக்கு சரியா வருது. மடிப்புக்கு ஒரு நூல் கூடப் பிடிச்சா போதும்."

இளையவர்களுக்குச் சொல்கிறேன்: தையலிலும் தச்சிலும் ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. இருபத்துநாலு மடிப்பில் ஒவ்வொரு நூல் என்றால் மூன்று இஞ்ச். பின்பக்கத்துக்குத் தீர்ந்தது. மீதி மூன்று இஞ்சை முன்பக்கத் தட்டையிலிருந்து எடுத்து ஓரத்து ஆழ மடிப்புக்குள் விடலாம். "வகுத்தல் கணக்கு எதுக்கு டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

சொல்ல எளிது. கில்ட்டின் மடிப்பு இடுப்பிலிருந்து சீட் வரைதான் தைத்திருக்கும், அதற்குக் கீழே சும்மா தொங்கும். தைத்த அந்தப் பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டும். இடுப்பில் ஒரு நூல், கீழே வரவர அதைவிடக் குறைவு என்று சரித்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது கட்டம் கோணக்கூடாது. மடித்த பிறகும் ஒரே துணி விரித்த மாதிரி, கோட்டோடு கோடு சேர்ந்து ஓட வேண்டும். அதனால் மெஷின் உதவாது, கைத்தையல்தான். நீளத்தில் பாய் கையே வைக்கவில்லை. கில்ட்டின் கீழ் ஓரத்துக்கு மடித்துத் தைப்பது கிடையாது, வேட்டிக் கரை மாதிரி தறியில் வந்த ஓரமே கீழே நிற்கும். அதை வெட்டினால் போயிற்று.

எட்டு நாள் ஆனது. நான் நடுவில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பிரித்த மடிப்புகளை நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தி, ஈரத் துணி போட்டு இஸ்திரி தேய்த்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பழைய மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை நூலால் சின்னச் சின்னப் புள்ளியாகத் தைத்து வைத்திருந்தார்.

"இது எதுக்கு பாய்?"

"பழைய அளவு டீச்சர். ஒரு இடத்துலயும் கத்திரி வைக்கல. தம்பிக்கு மறுபடி சதை போட்டா அங்க இருக்குற தையக்காரரு இந்தப் புள்ளியப் பாத்துப் பிரிச்சு விட்டுக்கலாம். முதல்ல தச்சவரு நமக்குத் துணி விட்டு வச்சிருக்காரு. நாம அடுத்தவருக்கு விட்டு வைக்கணும்ல."

அந்த இடத்தில் நான் ஒன்றும் பேசவில்லை. அத்தனை தூரத்தில், பெயர் தெரியாத ஒரு தையற்காரர் பன்னிரண்டு வருடத்துக்கு முன் மடித்து உள்ளே வைத்த துணியை, குன்னத்தூர் சத்திரத்தில் இவர் எடுத்துப் பார்த்து, அவர் வேலைக்கு மரியாதை செய்துகொண்டிருக்கிறார். அந்த மடிப்பு எங்கிருந்து வந்தது? தரையில் விரித்துக் கொசுவம் வைத்து வாரைக் கட்டிய அந்தப் பழைய நீளத் துணியிலிருந்து வந்தது. சட்டம் போட்டுத் தடுத்தார்கள், பட்டாளத்துக்குக் கொண்டு போனார்கள், ராஜா போட்டுப் பார்த்தார், நிரந்தரமாகத் தைத்துவிட்டார்கள். ஆனாலும் துணியை வெட்டாமல் மடித்தே வைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கு ஒருவன் இளைத்த பிறகும் அவனுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்ற முடிகிறது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் அம்மா வீட்டில் வைத்து உடுத்திப் பார்த்தான். நானும் போயிருந்தேன். வார் இரண்டும் சரியான ஓட்டையில் விழுந்தன. பின்பக்கம் மஞ்சள் கோடு ஒன்றோடு ஒன்று சேர்ந்து நேராக ஓடியது. திரும்பி நடந்தான், மடிப்பு விரிந்து விரிந்து சேர்ந்தது.

வந்த நாளிலிருந்து, "எலும்பும் தோலுமா வந்திருக்கானே" என்று புலம்பிக்கொண்டிருந்த அவன் அம்மா, கட்டிலில் உட்கார்ந்தபடி மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தாண்டா ஆளு சரியா இருக்க" என்றார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இளைத்திருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அவனை நோயாளியாகக் காட்டியது பத்தொன்பது கிலோ அல்ல, தொளதொளவென்று தொங்கிய துணிதான். உங்களிலும் பலர் ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள். சுகர், ஆபரேஷன், டாக்டர் சொன்ன நடை என்று இளைத்தவர்கள் இருப்பீர்கள். பழைய பேண்டைப் பெல்ட்டில் சுருட்டிக்கொண்டு திரியாதீர்கள். பழைய ஜாக்கெட்டைப் பின்னூசியில் நிறுத்தாதீர்கள். பக்கத்துத் தெருத் தையற்காரரிடம் கொண்டு போங்கள். அளவு எடுக்க நிமிர்ந்து நில்லுங்கள். இப்போதிருக்கிற உடம்பும் உங்கள் உடம்புதான், அதற்கும் ஒரு நல்ல உடை வேண்டும். பிரித்துத் தைப்பவரிடம், "உள்ளே இருக்குற துணிய வெட்டாதீங்க" என்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஜூலையில் கல்யாணப் படம் வந்ததும், அவன் சம்மதித்தால் இங்கே போடுகிறேன். உங்கள் வீட்டில் பிரித்துத் தைத்துப் பிரித்துத் தைத்து இன்னும் வைத்திருக்கும் உடை ஏதாவது இருந்தால் அதன் கதையை எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் கழித்துவிடுவேன், பழைய டீச்சர்தானே என்று நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கே.கே. நகர், மதுரை.